ஆறு பேருக்கு வைத்த வெந்நீர்

1

பெரிய வியாழனன்று மத்தியானம் குளியலறையில் உட்கார்ந்து குதிகாலைக் கல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் எங்கள் பங்குக் கோயிலில் பாதம் கழுவுகிற சடங்கு. இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். இந்த வருஷம் அந்தப் பன்னிரண்டில் நானும் ஒருத்தி.

என் மகள் அனிட்டா கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தாள். பதினாறு வயது. பிறந்ததே இங்கே ஜெர்மனியில்தான்.

"அம்மா, அவங்க கழுவறதுக்குத்தானே கூப்பிட்டாங்க? நீ எதுக்கு இப்பவே கழுவுற?"

"அழுக்குக் காலைக் கொண்டுபோய் நீட்டச் சொல்றியா? வெக்கமா இருக்காது?"

"அப்ப அவருக்கு அங்க இன்னா வேலை?"

அந்த 'இன்னா' என்னிடமிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கேள்வி அவளுடையது. போடி அந்தப் பக்கம் என்று விரட்டிவிட்டேன்.

எங்கள் ஊரிலும் இதே கூத்துதான். பாதம் கழுவ உட்காருகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, வெளுத்த காலோடுதான் கோயிலுக்கு வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாதாம். சின்ன வயதிலிருந்து அந்தக் கால்களை வரிசையாகப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருக் கால் ஒன்றைக்கூட அந்த வரிசையில் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே டிராம் ஓட்டுகிறவள். வீட்டுக்காரருக்கு மெஷின் கம்பெனியில் வேலை கிடைத்து வந்தோம். திண்டிவனத்தில் படித்த என் பட்டத்தை இங்கே யாரும் சீந்தவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மொழி படித்து, பரீட்சை எழுதி, ஓட்டக் கற்றுக்கொண்டேன். இங்கே பன்னிரண்டு பேரைப் பிடிப்பதே பெரும்பாடு. பூசை முடிந்ததும் சாமியார் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கெஞ்சுவார். நழுவுகிறவர்கள்தான் அதிகம். நான் மட்டும், "என் முழுக்காலையும் நீங்கள் தாராளமாகக் கழுவலாம்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். நமக்குத் தொடையிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கால்தானே. இவர்கள் பாஷையில் காலுக்கு ஒரு சொல், பாதத்துக்கு வேறு சொல். பாவம், அந்த மனுஷன் காது மடலெல்லாம் சிவந்துபோய், "பாதம் போதும்" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சாயங்கால வண்டி. ஷிப்டு மாற்ற வேண்டுமென்றால் கணினியில் காரணம் பதிய வேண்டும். காரணங்களின் பட்டியலில் கல்யாணம் இருக்கிறது, சாவு இருக்கிறது, வீடு மாற்றுவது இருக்கிறது, கால் கழுவிக்கொள்வது இல்லை. என்னோடு வண்டி ஓட்டுகிற துருக்கிக்காரி ஃபாத்மாதான் மாற்றிக்கொண்டாள். "நாங்க தொழுகைக்கு முன்னாடி எங்க காலை நாங்களே கழுவிக்குவோம். உங்களுக்கு மட்டும் ஆள் வேணுமா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆள் வேணும் ஃபாத்மா. ரொம்ப வேணும். ஏனென்று அவளிடம் விளக்க எனக்கு மொழி போதவில்லை.

2

செஞ்சியில் மேல்மலையனூர் பஸ் ஏறினால் நடுவழியில் எங்கள் ஊர். ஊரென்றால் ரெண்டு. ஊர்த்தெரு ஒன்று, காலனி ஒன்று. ரெண்டிலும் இருப்பது வேதக்காரர்கள்தான். ஒரே கோயில், ஒரே மாதா, ஒரே பூசை. நாங்கள் காலனி.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரிய வியாழனுக்கு வெந்நீர் வைப்பது என் நைனாதான். கோயிலுக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, அண்டாவை ஏற்றி, வேலிக்காத்தான் கட்டையைச் செருகி, உட்கார்ந்து ஊதுவார். கை பொறுக்கிற சூடாக விளாவிக் குடத்தில் ஊற்றி, சடங்கு நேரத்தில் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே தூக்கி வருவார். சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு போக, இவர் பின்னாலேயே குனிந்து சொம்பில் மொண்டு கொடுப்பார். பன்னிரண்டாவது கால் முடிந்ததும் அழுக்குத் தண்ணீர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். அழுக்கு எங்கே இருக்கும், சோப்புப் போட்டு வந்த கால்களாயிற்றே. அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கு விடலாம்.

ஊர்த்தெரு வீடுகளில் நைனா மொண்டு தரும் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். கால் கழுவிக்கொள்ள மட்டும் ஆகும்.

படிக்கிறபோது சாதிச் சான்றிதழுக்காக அலைந்தேன். எங்கள் சாதியிலேயே இந்துவாக இருக்கிற பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், ஞானஸ்நானம் வாங்கின எனக்கு வேறு. வேதத்தில் சேர்ந்தால் காகிதத்தில் சாதி மாறிவிடும், சலுகை போய்விடும். ஊர்த்தெருவில் மட்டும் மாறாது. இங்கே வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் மதம் என்னவென்று கேட்டார்கள். கத்தோலிக்கம் என்று எழுதினால் சம்பளத்தில் கோயில் வரி பிடிப்பார்கள், எழுதாமல் விட்டால் தப்பிக்கலாம் என்று தெரிந்தவர்கள் காதில் ஓதினார்கள். நான் அழுத்தி எழுதினேன். அங்கே எழுதியதற்கு இழந்தேன், இங்கேயும் எழுதி இழக்கிறேன், ஆனால் என் சாமியை நான் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. அவர் என்ன செய்தார், பாவம்? அவர் எல்லார் காலையும் கழுவிவிட்டுத்தான் போனார். நாம்தான் அதற்கு வரிசை பிரித்தோம்.

அனிட்டா கோயிலுக்கு வருவதை நிறுத்தியதும் எங்கள் ஊரில்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாதா திருவிழாவுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆசை ஆசையாகப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு சப்பரத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி பிடித்து நடந்தாள். சப்பரம் ஊர்த்தெருவைச் சுற்றி வந்து, காலனி முனையில் புளியமரத்தோடு திரும்பிவிட்டது.

"ஏன் திரும்புது? தாத்தா வீடு அந்தப் பக்கம்தானே?"

காலனிக்குள் கரண்டு கம்பி தாழ்வாகத் தொங்குகிறது, சப்பரம் இடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். கம்பியை ஏற்றிக் கட்டி வருஷக்கணக்காகிறது. சப்பரம் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது. அவள் அங்கேயே மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டாள்.

"மாதாகிட்ட எனக்குக் கோவம் இல்ல. திரும்பிப் போற சப்பரத்துக்குப் பின்னாடி நடக்க மாட்டேன்" என்றாள். ஜெர்மனி திரும்பியும் அதே பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கிளம்புவேன். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளைதானே, என் கோபம்தான் அவளுக்கும்.

3

போன வருஷம் ஊருக்குப் புதுப் பங்குச்சாமியார் வந்தார். வயசு கம்மி, குரலும் கம்மி. இந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று பூசை முடிவில், பாதம் கழுவ ஊர்த்தெருவில் ஆறு பேர், காலனியில் ஆறு பேர் என்று அறிவித்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாராம். காலனி ஆறில் முதல் பெயர் என் நைனா.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. காலனி ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் நாங்கள் கோயில் படி ஏற மாட்டோம் என்றது ஊர்த்தெரு. மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குகிற பருவம். ஊர்த்தெருக் கொல்லைகளுக்குக் காலனிப் பெண்களை இனி கூப்பிடுவதில்லை என்றும் பேச்சு கிளம்பியது. என் அம்மாவும் அந்தக் கொல்லைகளுக்குப் போகிறவள்தான்.

சமாதானம் பேசிவைக்க ஒரு பொது மனிதர் வேண்டுமே. செஞ்சி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற முதலாளிதான் இரண்டு தெருவுக்கும் கல்யாணத் துணி எடுத்துக் கொடுக்கிறவர். இந்துக்காரர், தங்கமான மனுஷர். அவர் கடை மாடியில் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்தார். அன்றைக்கென்று பார்த்து அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் பிதுங்கி வழிய, நைனா படியில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலாளி ஒரு வழி சொன்னாராம். "இதுக்கா இவ்ளோ தகராறு? கோயில்ல அவங்களுக்குக் கழுவட்டும். காலனியில ஒரு பந்தலப் போட்டு உங்களுக்கும் தனியா கழுவட்டும். சாமியாருக்கு ரெண்டு வேலை, அவ்வளவுதானே? ஊரு அமைதியா இருக்கணுமில்ல?"

என் தம்பி சேவியர் எனக்குப் போனில் இதைச் சொன்னபோது உச்சிவெயிலில் டிராம் டிப்போவில் நின்றுகொண்டிருந்தேன். சுள்ளென்று ஏறியது எனக்கு. முதலாளியைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் நல்லதுதான் நினைத்தார். ஆனால் இந்த மாதிரி அமைதி எங்கள் ஊரில் ரொம்ப நாளாகவே இருக்கிறதே! அவனவன் அவனவன் தெருவில் கிடந்தால் சண்டை எங்கே வரும்? அதற்குச் சமாதானம் என்று பெயர் வைத்து, பூசையில் வேறு ஒருவருக்கொருவர் கும்பிட்டுக்கொள்கிறோம்.

"நைனா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு எழுந்து வந்துட்டாரு."

அன்றைக்குச் சாயங்காலமே நைனாவைக் கூப்பிட்டேன்.

"நைனா, நீ ஒக்காரணும். எவன் இன்னா சொன்னாலும் ஒக்காரணும்."

"ஏம்மா அற்புதம், நீ சொல்லுவ. அங்க ஒக்காந்துகினு நல்லா சொல்லுவ. நாளைக்கு மல்லாட்டை புடுங்க ஒங்கம்மாதான் போவணும். அவளக் கூப்புடலன்னா நீயா வந்து புடுங்குவ?"

சுருக்கென்றது.  உண்மைதானே. இங்கே எனக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் யாரும் எழுந்து போவதில்லை. தைரியம் இங்கே மலிவு.

"அது மட்டுமில்ல. நான் போயி சேருல ஒக்காந்துட்டா வெந்நி யாரு வெக்கறது? தண்ணி யாரு மொண்டு குடுக்கறது? இத்தினி வருசம் அந்த வேலைய வுட்டதில்ல நான்" என்றார் நைனா. கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

அந்தப் பக்கம் போனைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. அம்மா.

"இன்னா அழுவற? ஒன் நைனா கெடக்கறாரு. ஏன், சிங்கவரத்துல மல்லாட்டை இல்லியா? நாங்க அஞ்சு பொம்பளைங்க போயி பேசி வெச்சுட்டு வந்துட்டோம். ரெண்டு பஸ்ஸு மாறணும், மாறிட்டுப் போறோம். வெந்நி வெக்கிறது ஒரு வித்தையா? நான் வெக்கறேன்." அப்புறம் நைனா பக்கம் திரும்பிவிட்டாள், குரல் தள்ளிக் கேட்டது. "காட்டிக் குடுத்த யூதாசு காலையே கழுவுனவரு இயேசு, ஒன் காலுல இன்னா கொள்ளி வெச்சிருக்குது? போயி ஒக்காருய்யா. நீ ஒக்காரல, நான் போயி ஒக்காந்துடுவேன் பாத்துக்க!"

 மறுநாளே நைனா செஞ்சிக்குப் போய், அதே முதலாளி கடையில், புது வேட்டி ஒன்று எடுத்து வந்தார். பந்தல் வேண்டாம், கோயில்தான் என்று அவரிடமே சொல்லிவிட்டும் வந்தார். முதலாளி வேட்டியை நல்ல கவரில் போட்டுக் கொடுத்தாராம்.

4

பெரிய வியாழன், இங்கே மத்தியானம் மூன்று மணி. அங்கே இருட்டுகிற நேரம். சேவியர் போனில் வீடியோ போட்டான். குதிகால் தேய்த்த கையோடு நான் சோபாவில் வந்து உட்கார்ந்தேன். அனிட்டா தூரத்தில் வேறு எதையோ பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தாள்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே வெள்ளைத் துணி. வலது பக்கம் எங்கள் தெரு ஆறு பேர். இடது பக்கம் ஆறும் காலி. கோயிலிலும் எங்கள் ஆட்கள் மட்டும்தான். ஊர்த்தெரு சொன்னதைச் செய்துவிட்டது.

நைனா நாற்காலி நுனியில், எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அடுப்பு சரியாக எரிகிறதா என்ற கவலை. திடீரென்று எழுந்து வெளியே போய்விட்டார். 

"போயிட்டாரா? டேய் சேவியரு, நைனா போயிட்டாராடா?"

"இரு அக்கா, கத்தாத. கட்டையத் தள்ளி வுட்டுட்டு வராரு."

வந்தார். புது வேட்டி முட்டிவரை மடித்துக் கட்டியிருக்க, இரண்டு காலிலும் சாம்பலும் கரியும். திரும்பவும் அதே நாற்காலி. இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் சேவியர் குரல் உயர்ந்தது. போன் ஆடியது. "காலியா கெடக்கறதப் பாத்துகினு இருக்கணுமா? டேய், ஆறு பேரு வாங்கடா, வந்து ஒக்காருங்கடா! அவனுங்க வரலன்னா இன்னா, பன்னெண்டும் நம்ம ஆளு!"

நானும் சோபாவிலிருந்து, "ஒக்காருங்கடா!" என்று கத்தினேன். இரண்டு மூன்று பேர் எழுந்தும் விட்டார்கள்.

நைனா கையை நீட்டித் தடுத்தார்.

"ஒக்காராத. அது அவங்க சேரு."

"அவங்கதான் வரலியே நைனா!"

"வரலன்னா காலியா கெடக்கட்டும். அவங்க சேருல நாம ஏறி ஒக்காந்தா அவங்களுக்கும் நமக்கும் இன்னாடா வித்தியாசம்? நம்மள ஒதுக்கனவங்கள நாம ஒதுக்கறதுக்கா இத்தினி தகராறு?"

 எழுந்தவர்கள் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். அந்த நிமிஷம் எனக்கு நைனா மேல் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். விட்டுக்கொடுக்கிறாரே, இவ்வளவு தூரம் வந்து இப்படி விட்டுக்கொடுக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். பிறகுதான் பார்த்தேன், அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

சாமியார் மண்டியிட்டார். பக்கத்தில் சொம்போடு குனிந்து நின்றது என் அம்மா. நைனா காலை வெடுக்கென்று உள்ளே இழுத்தார். சாமியார் விடாமல் பிடித்து நீட்டினார். அம்மா தண்ணீர் ஊற்றினாள். தாம்பாளத்தில் தண்ணீர் கறுத்தது. சாமியார் விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார், வெடிப்பில் ஒட்டின கரி போகவில்லை, மறுபடியும் ஊற்றச் சொல்லித் தேய்த்தார். அப்புறம் துடைத்து, குனிந்து முத்தம் கொடுத்தார். நைனா முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார்.

தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். அனிட்டா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"இப்ப அவருக்கு வேலை இருந்துச்சு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு எத்தனை மணிக்கு? நானும் வரேன்" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம்.

இதைப் படிக்கிற ஊர்த்தெரு அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அடுத்த வருஷம் நானும் என் மகளும் அங்கே இருப்போம். மாதா திருவிழாவுக்கும் வருவோம். புளியமரத்தடியில் நின்று, சப்பரத்தை இந்தப் பக்கம் கொண்டுவா என்று கேட்போம். கல்லெடுக்க மாட்டோம், கெட்ட வார்த்தை பேச மாட்டோம், அந்த இடத்தைவிட்டுப் போகவும் மாட்டோம். எங்கள் நைனா அப்படித்தான் உட்கார்ந்து காட்டியிருக்கிறார்.

பூசை முடிந்ததும் நைனாவே போனுக்கு வந்தார். 

"பாத்தியாம்மா?"

"பாத்தேன் நைனா. எப்படி இருந்துச்சு?"

"இன்னாத்த சொல்றது. தண்ணி கொஞ்சம் சூடு அதிகம். ஒங்கம்மாவுக்கு வெளாவத் தெரியல."

சிரித்தோம். ரெண்டு பேருக்கும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"செரி, வீட்டுக்குப் போயி சாப்புட்டுப் படு நைனா. அதான் எல்லாம் முடிஞ்சுடுச்சே."

"எங்க முடிஞ்சுது? பாதி அண்டா தண்ணி அப்படியே இருக்குது. அவங்க ஆறு பேருக்கும் சேத்துதான வெச்சோம். எவனாவது ஒருத்தன் மனசு கேக்காம வந்து நின்னான்னா, சாமியாரு எந்நேரமானாலும் எழுந்து வந்து கழுவறேன்னு சொல்லியிருக்காரு. பச்சத் தண்ணியவா ஊத்தறது? அடுப்ப அணைக்காதன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."